அரைப் பாகை

சித்திரை பிறந்தும் மலையில் பனி.
மெரிட் விமானத்தளத்தின் ஓரத்தில்
சுண்ணாம்பால் நானே வரைந்த பெருக்கல் குறியில்
ஜி.பி.எஸ். கம்போடு நிற்கிறேன்.
இந்த இடம் எனக்குத் தெரியும்,
இரண்டு சென்ரிமீட்டருக்குள்.
பத்தொன்பது செய்மதிகள் சாட்சி.

"அசையாதே, சுகிர்தா" என்கிறது றேடியோ.
மேலே ஓட்டுவது டாரில் ஃப்ரீசன்.
கமெராத் திரைக்கு முன்னால் ஜோலீன்.
காட்டுத்தீக் காலத்துக்கு இன்னும் ஆறு கிழமை.

ஆவணியில் புகைக்குள் சூடான ஒரு புள்ளி தெரியும்.
அதற்கு முகவரி வேண்டும்.
விமானம் எங்கே, எவ்வளவு உயரம்,
மூக்கு எந்தத் திசை, கமெரா எத்தனை பாகை குனிந்தது,
கீழே நிலம் எவ்வளவு மேடு,
எல்லாம் சரியென்றால்
ஒரு கோடு இறங்கிவந்து மண்ணைத் தொடும்.
தொட்ட இடத்துக்கு மண்வெட்டியோடு ஒருவன் நடப்பான்.
ஒன்று பிசகினாலும்
நல்ல மரத்தடியைக் கொத்திப் பார்த்துவிட்டு
"இங்கே ஒன்றுமில்லை" என்பான்,
அடுத்த மரத்தின் வேர் கங்காக இருக்க.

முதற்சுற்று.
சத்தம் தலைக்கு மேலே வரும்போது
என் தோள் தானாகக் குறுகுவதைக் கவனிக்கிறேன்.
"கண்டுபிடித்தாயிற்று" என்கிறாள் ஜோலீன்.
"நீ ஓடைக்குள் நிற்கிறாய்."
சிரிப்பு.
நான் குறியில்தான் நிற்கிறேன்.
ஓடை கிழக்கே, கோரைப் பற்றைக்குள்.
பதினோரு மீட்டர் பிழை.

கமெராவைப் பூட்டிய தட்டு
அரைப் பாகை சரிந்திருக்கிறது.
ஆயிரத்து இருநூற்றைம்பது மீட்டர் உயரத்தில்
அரைப் பாகை என்பது பதினோரு மீட்டர்.
அவ்வளவுதான். தளர்ந்த ஓர் ஆணி.

எங்களுக்கு மேலே சுற்றியதை
வண்டு என்போம்.
நாள் முழுக்க ஒரே சுருதி.
அது போனபிறகு எண்ணத் தொடங்குவோம்.
ஒரு மாசி மாதம் முப்பத்தேழு வரை எண்ணினேன்.
பங்கருக்குள் ஏழு பேர்.
பிழைத்தோம்.

எந்தப் பிழையில் என்று அப்போது கேட்கவில்லை.
பின்பு, இங்கே, ஒரு மதிய இடைவேளையில்
பழைய செய்மதிப் படத்தைத் திறந்து அளந்தேன்,
பாதி தின்ற சான்ட்விச் பக்கத்தில் இருக்க.
பங்கர் வாசலிலிருந்து குழிவரைக்கும்
பதினொன்று, மிஞ்சினால் பன்னிரண்டு.
யாருடைய ஆணி தளர்ந்திருந்ததோ,
இல்லை, அவர்கள் எங்களைக் குறிவைக்கவேயில்லையோ,
அதைப் படத்தில் அளக்க முடியாது.
குழி இருந்த இடத்தில்
தவயோகம் ரீச்சரின் தறப்பாள் கொட்டில்.
அவவும் இரண்டு பிள்ளைகளும்.

பிழை எங்காவது விழத்தானே வேண்டும்.

மூன்றாம் சுற்று.
தட்டை இறுக்கி, எண்ணையும் திருத்தியாயிற்று.
"நாற்பது சென்ரிமீட்டர்!" ஜோலீன் கத்துகிறாள்.
"இப்போது நீ உன் சப்பாத்துக்குள்ளேயே நிற்கிறாய்!"
எனக்கும் மகிழ்ச்சிதான், பொய்யில்லை.
இந்தக் கோடையில்
நல்ல மரத்தை யாரும் கொத்தமாட்டார்கள்.
கோட்டின் மறுநுனியில் மண்வெட்டிதான் இருக்கிறது,
இந்த விமானத்தில்,
இந்த வருடம்.

"இன்னொரு சுற்று, உறுதிக்கு" என்கிறான் டாரில்.
நிக்கோலா ஏரிப் பக்கம் அவர்கள் திரும்பி மறையும்வரை
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பிறகு கம்பை அதன் கால்களில் நிறுத்திவிட்டுக்
கிழக்கே நடக்கிறேன்.
கோரை. அரைகுறையாய் உறைந்த சேறு.
பதினைந்தாம் எட்டில்
தண்ணீர் சப்பாத்துக்குள் ஏறுகிறது.
அங்கே நிற்கிறேன்,
முதற்சுற்றில் நான் இருந்த இடத்தில்.

"சுகிர்தா? குறியில் கம்பு மட்டும்தான் தெரிகிறது.
எங்கே நீ?"

விறைத்த விரல்களால்
றேடியோவை இடுப்பிலிருந்து கழற்றச்
சற்று நேரம் பிடிக்கிறது.